செல்வராணியின் காலி அட்டைகள்

பழைய குற்றாலத்தில் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு குளிக்க நின்றபோதுதான், செல்வராணி போய்விட்டார் என்று போன் வந்தது. மாரடைப்பு. குளிக்காமலே, எண்ணெய் வழிய தென்காசிக்கு வண்டியை விட்டேன். அந்தக் கோலத்தைப் பார்த்திருந்தால், "சார், இந்த எண்ணெய்ல நாலு வடை சுடலாம்" என்றிருப்பார்.

என் மருத்துவமனை ஆய்வகத்தில் பதினெட்டு ஆண்டுகள் இரத்தம் எடுத்தவர். தென்காசிக்காரர்களான உங்களில் பலர் அவரிடம் குத்து வாங்கியவர்கள்தான். நரம்பைத் தேடிக்கொண்டே இன்று வீட்டில் என்ன குழம்பு என்பார். நீங்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்திவிடுவார்.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோயாளிகளுக்கு மட்டும் அவரிடம் ஒரு சட்டம் உண்டு. இரத்தம் கொடுக்க வரும்போது தின்ற மாத்திரைகளின் காலி அட்டைகளைக் கொண்டுவர வேண்டும். தின்ற தேதியும் அதில் எழுதியிருக்க வேண்டும். பழைய பேப்பர் கடை வைக்கப்போகிறீர்களா என்று கேலி செய்தேன்.

"நீங்க மருந்த எழுதுதீங்க சார். தின்னுதாங்களான்னு யாரு பாக்கது?" என்றார்.

ஒருமுறை, வாசுதேவநல்லூர் காதர் பாய்க்குப் பல வருடம் அடங்கிக் கிடந்த வைரஸ் திடீரென்று எகிறியது. நான் முன்கோபி. "மாத்திரைய முழுங்காம எங்கிட்ட கதை விடுதீரா?" என்று அவர் மனைவி முன்னாலேயே கத்திவிட்டேன். ஒரு நாளும் விட்டதில்லை என்றார் மனிதர். நான் நம்பவில்லை. என் பேச்சைக் கேட்டு அவர் மனைவியும் நம்பவில்லை.

செல்வராணி ஒரு பை அட்டைகளை என் மேசையில் கொட்டினார். "நோன்பு மாசத்துலகூட ஒரு தேதி விடல சார். வைரஸ்தான் மாறியிருக்கும்."

"மாத்திரையக் குப்பையில போட்டுட்டு அட்டையக் காட்டுனா?" என்றேன், வீம்புக்கு.

"அப்ப ரத்தத்தையே கேப்போம்."

மருந்துக்கு அடங்காதபடி வைரஸ் உருமாறியிருக்கிறதா என்று பார்க்க, சென்னைக்கு மாதிரி அனுப்பினோம். அப்படித்தான் மாறியிருந்தது. நான் பழைய மருந்தையே தொடர்ந்திருந்தால் மனிதரின் ஈரல் போயிருக்கும். வேறு மருந்து எழுதினேன். செல்வராணி நகரவில்லை.

"புது மாத்திரைய எப்படித் திங்கணும்னு நான் சொல்லிருதேன் சார். மன்னிப்பு மட்டும் நீங்கதான் கேக்கணும். அவுக வீட்டம்மா முன்னால."

கேட்டேன். முப்பது வருடத் தொழிலில் முதல் மன்னிப்பு. காதர் பாய் பதறி எழுந்தார். "இருங்க, டாக்டர் சொல்லி முடிக்கட்டும்" என்று மனைவிதான் கையைப் பிடித்து உட்கார வைத்தார். எல்லோரும் சிரித்துவிட்டோம். சில மாதங்களில் வைரஸ் அடங்கியது. இன்றும் நன்றாக இருக்கிறார்.

செல்வராணியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மன்னிப்புதான். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், வேறொரு நோயாளிக்கு வைரஸ் ஏறியிருந்தது. "மாத்திரையெல்லாம் ஒழுங்காத்தான்..." என்று பயந்துகொண்டே தொடங்கினார்.

"நம்புதேன்" என்று சொல்லிவிட்டு, அதே சென்னைப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். செல்வராணி இல்லாத முதல் வாரத்தில் நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.