பாவா நம்பருக்கு வச்ச பாட்டு

அன்னைக்கு கோயில் மலை மேல, மொட்டை போடுற மண்டபத்துல இருந்தவங்கள முதல்ல சொல்லிடறேன்.

என் அக்கா.

அக்கா பையன். ஒரு வயசு. என் மடியில இருந்தான்.

பாவாவோட அம்மா. பாவான்னா அக்கா புருஷன்.

மொட்டை போடுறவர்.

விசைத்தறி ஷெட்டுல என் பக்கத்துத் தறி ஓட்டுறவன். என் கூட்டாளி.

நான்.

பாவா அந்த நேரத்துல அங்க இல்ல. பையன் தலைக்குப் பூச சந்தனம் வாங்கப் போயிருந்தாரு. அவரு கூடவே இருந்திருந்தா என் போன் அடிச்சிருக்காது.

பாவாவுக்கு திருவாலங்காட்டுப் பக்கம் ஒன்றரை ஏக்கர். கரும்பு போடுறாரு. அவருக்குப் பேச்சு திக்கும். நேர்ல பேசும்போது கையக் காட்டி, தலைய ஆட்டி சமாளிச்சிடுவாரு. போன்ல கை தெரியாது. உரக்கடைக்காரர் ரெண்டு தடவ அலோ அலோன்னு சொல்லிட்டு வச்சிடுவாரு. கரும்பு வெட்டுற ஆளுங்களும் அப்படித்தான். அதனால பாவா யாருக்கும் போன் போட மாட்டாரு. எனக்கு மட்டும் போடுவாரு.

நான் காத்துகினு இருப்பேன். அது பெரிய குணம்னு இல்ல. எனக்கே பேச்சு கம்மி. அவருக்கு வார்த்த வர்ற வரைக்கும் சும்மா நிப்பேன். அது அவருக்குப் போதுமா இருந்துச்சு.

தினம் சாயங்காலம் ஷிப்ட்டு மாத்துற நேரத்துக்கு கூப்டுவாரு.

"து... துன்னியாடா?"

"துன்னேன் பாவா."

"ம... ம... மழ உண்டா அங்க?"

"இல்ல பாவா. மானம் மூடிகினு இருக்குது."

"ச... சரி. ஞாயித்துக்கெழம வா."

இவ்ளோதான். வச்சதும் போன்ல பேசுன நேரம் காட்டும். அஞ்சு நிமிஷம், ஆறு நிமிஷம்னு இருக்கும். பேசுனது பத்து வார்த்த.

அக்காவுக்கு ஒம்போது வருஷம் கொழந்த இல்ல. பத்தாவது வருஷம் பொறந்துச்சு. அன்னைக்கு நான் ஷெட்டுல இருந்தேன். எட்டு தறி ஓடுற எடத்துல போன் அடிச்சா கேக்காது. பாவா நாலு தடவ கூப்ட்டிருக்காரு. நான் எடுக்கல. கடைசில ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுகினு வாட்ஸப்புல பேசி அனுப்பிட்டாரு. அவருக்கு எழுதவும் வராது.

வெளிய வந்து கேட்டேன்.

"டேய் மச்சான்... பை... பை பை பை... பை... பையன்டா. பை பை... பையன் பொறந்துகிறான்டா."

அதுக்கு அப்புறம் மூச்சு வாங்குற சத்தம். அழுவுறாரா சிரிக்கிறாரான்னு தெரியல. ரெண்டாவது தடவயும் கேட்டேன். அவ்ளோ மோசமா அவருக்குத் திக்கி நான் கேட்டதில்ல. சந்தோஷம் வந்தா அப்படி ஆவும் போல.

கூட்டாளி டீ கிளாசோட வந்தான்.

"இன்னாடா, தலையில இடி உழுந்தாப்பல நிக்கற?"

"அக்காவுக்கு பையன்."

"அடப்பாவி, அத சொல்றதுக்கா இந்த மூஞ்சி? சிரிடா!"

எனக்கு அந்த மாதிரி நேரத்துல என்ன பேசுறதுன்னு வராது. பாவா பேசுனத அப்படியே அவன் நம்பருக்குத் தள்ளி உட்டேன். சந்தோஷத்துலதான் அனுப்புனேன். அத இப்ப சொல்லி பிரயோஜனமில்ல.

அவன் கானா பாடுவான். தறி மேடையில தாளம் போட்டு, சாவு வூட்டுல இருந்து கல்யாணம் வரைக்கும் பாடுவான். போன்லயே பாட்ட வெட்டுறது ஒட்டுறது எல்லாம் தெரியும். ரெண்டு நாள் கழிச்சு டீ நேரத்துல என் போன வாங்கி, என்னமோ அமுக்கினான். அப்புறம் எல்லாரையும் கிட்ட கூப்ட்டு பாட்ட ஓட உட்டான்.

முதல்ல மேளம். நல்ல அடி. அதுமேல பாவா கொரல். பை பை பை பை, பை பை பை பை. மேளத்துக்கு அளவெடுத்து தைச்ச மாதிரி உக்காந்துச்சு. நாலு சுத்து சுத்தி மேளம் நின்னு, "பையன்டா!" ஒரு விசில்.

ஷெட்டே சிரிச்சுது. ஓனர் கூட சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். பாட்டு நல்லாதான் இருந்துச்சு. அதுதான் கெடுத்துச்சு.

"உங்க பாவா கூப்ட்டா மட்டும் இது அடிக்கும்"னு கூட்டாளி சொன்னான். "மத்தவங்களுக்கு எப்பவும் போல மணி."

"எடுத்துடுடா. அவரு பாவம்."

"இன்னா பாவம்? உங்க பாவா ஸ்டார் ஆயிட்டாரு. பொறாமையா?"

"அவரு காதுல உழுந்தா?"

"எப்டி உழும்? கூப்டறவனுக்கு ரிங்டோன் கேக்குமாடா? கேக்கறது நமக்குத்தான். யோசிச்சு பாரு."

யோசிச்சு பாத்தேன். அவன் சொன்னது சரிதான். ஒரு வருஷம் சரியாவே இருந்துச்சு.

தினம் சாயங்காலம் அடிக்கும். டீக்கடை பெஞ்சுல இருக்கறவங்க தொடையில தட்டுவாங்க. "வந்துட்டாருப்பா, கச்சேரி ஆரம்பி"ன்னு ஒருத்தன் சொல்வான். நான் எடுக்கப் போனா, "இருடா, விசில் வரட்டும்"னு கையப் புடிப்பாங்க. விசில் வர்ற வரைக்கும் நான் எடுக்காம உக்காந்திருப்பேன். அந்தப் பக்கம் பாவா காத்துகினு இருப்பாரு.

"ஏ... ஏண்டா இவ்ளோ நேரம்?"

"தறி சத்தம் பாவா. கேக்கல."

தினம் இதே பொய். ஞாயித்துக்கெழம அவரு வூட்டுக்குப் போறப்ப மட்டும் வாசல்லயே போன ஊமையாக்கிடுவேன். அது மறக்கல. அப்ப எனக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்குது.

பையனுக்கு ஒரு வயசு ஆச்சு. மலையில மொட்டைன்னு வேண்டுதல். தாய்மாமன் மடியில உக்கார வச்சுதான் மொட்டை போடணும், காது குத்தணும். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். பாவா முறையா வெத்தல பாக்கோட வந்து கூப்ட்டாரு. "உ... உன் கூட்டாளியையும் கூட்டிகினு வாடா. நல்லா போட்டோ புடிப்பாரு"ன்னாரு. அவன அவரு 'வாங்க போங்க'ன்னுதான் சொல்வாரு.

கிருத்திகை அன்னைக்கு வச்சிருந்தாங்க. படியில கால் வைக்க எடமில்ல. மேல போய்ச் சேர்ந்ததும் பாவா சொன்னாரு.

"போ... போன சத்தமா வைடா. கூட்டத்துல தவறிட்டா கூ... கூப்டறேன்."

பக்கத்துல இருக்கற பட்டன அமுக்கி முழு சத்தம் வச்சேன். அந்தப் பாட்டு நெனப்புலயே வரல. ஒரு வருஷம் கேட்டுக் கேட்டு அது பாட்டுன்னே மறந்துபோச்சு. பாவா கூப்டற சத்தம், அவ்ளோதான்.

சீட்டு வாங்கிக் குடுத்துட்டு பாவா சந்தனம் வாங்கப் போனாரு. கொஞ்ச நேரத்துல எங்க நம்பர் வந்துச்சு. நாங்க இருந்த எடத்துல இல்லாம மண்டபத்தோட அந்தப் பக்கத்துல கூப்ட்டாங்க. போனோம். நான் சம்மணம் போட்டு உக்காந்தேன். அக்கா பையன மடியில வச்சா. மொட்டை போடுறவர் தலைய தண்ணியில நனைச்சாரு. பையன் வீல்னு கத்துனான்.

"மாமன் கெட்டியா புடிச்சுக்கோங்க. ரெண்டு கையாலயும். அசைஞ்சா ரத்தம்தான்."

ஒரு கை தாடையில. ஒரு கை பின்மண்டையில. கத்தி வச்சு ரெண்டு இழுப்பு இழுத்தாரு. அப்ப போன் அடிச்சுது.

போன் எங்க இருந்துச்சுன்னா, வேட்டிக்கு உள்ள போட்டிருந்த அரை டவுசர் ஜோபியில. அதுக்கு மேல பையன். பையன் தலையில கத்தி.

பை பை பை பை. பை பை பை பை.

கூட்டாளி வீடியோ எடுத்துகினு இருந்தான். அவன் கை கீழ எறங்கிடுச்சு. மூஞ்சி செத்துப்போச்சு. கைய நீட்டி என் இடுப்புகிட்ட வந்தான்.

"யோவ், ஆட்டாத! கத்தி போயிகினு இருக்குது!" மொட்டை போடுறவர் அதட்டுனாரு. அவன் கைய எடுத்துகினான்.

பாட்டு ஓடுச்சு. பையன் அழுகைய நிறுத்திட்டு கேட்டான். மொட்டை போடுறவருக்கு அது வசதியாப் போச்சு.

"பாட்டு ஜோரா கீதே. இன்னா படம்?"

பாவாவோட அம்மா தலைய சாச்சு கேட்டாங்க. "நம்ம புள்ள கொரலாட்டம் இருக்குதே."

அக்கா என்னப் பாத்தா. நான் பையன் தலையப் பாத்துகினு இருந்தேன்.

விசில் வந்துச்சு. நின்னுச்சு. உடனே திரும்பவும் அடிச்சுது. மேளம், பை பை பை பை. அப்ப நிமிந்து பாத்தேன். நாலு வரிசை தள்ளி, கூட்டத்துக்கு நடுவுல பாவா வந்துகினு இருந்தாரு. ஒரு கையில சந்தனக் கிண்ணம். ஒரு கையில போன், காதோட வச்சிருந்தாரு. எங்கள எங்கன்னு தேடல. தலைய ஒரு பக்கமா சாச்சுகினு, சத்தம் வர்ற பக்கமா நடந்து வந்தாரு. அந்தப் பாட்டப் புடிச்சுகினேதான் எங்க கிட்ட வந்து சேர்ந்தாரு.

முன்னாடி வந்து நின்னாரு. என் மடியப் பாத்தாரு. "பையன்டா"ன்னு அவரு கொரல் கேட்டுச்சு. விசில் அடிச்சுது. அவரு போன காதுல இருந்து எறக்கி அமுக்கினாரு.

பாட்டு நின்னுச்சு.

மொட்டை முடிஞ்சுது. பாவா குந்தி, சந்தனத்த எடுத்து பையன் தலையில தடவுனாரு. நிதானமா, காது பின்னாடி எல்லாம் விடாம தடவுனாரு. பையன் அவரு விரல புடிச்சுகினான். பாவா என்னப் பாக்கல. கூட்டாளியப் பாத்து, "போ... போட்டோ எடுத்தீங்களா?"ன்னு மட்டும் கேட்டாரு.

காது குத்தும்போதும் நான்தான் புடிச்சேன். முறை அது. என்னை எழுப்பி விட அவருக்கு வழியில்ல.

கீழ வந்து ஒரு சத்திரத்துல சாப்பாடு. பாவாவே பரிமாறுனாரு. என் எலை முன்னாடி வந்து குனிஞ்சாரு.

"இ... இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க."

கல்யாணமான நாள்ல இருந்து என்னை 'டேய்'னுதான் கூப்ட்டிருக்காரு. அப்ப எனக்கு மீசை கூட வரல. 'ங்க' போட்டது அன்னைக்குத்தான் முதல் தடவ. எலைய மூடிட்டு எழுந்துட்டேன்.

அன்னைக்கு சாயங்காலம் போன் வரல. மறுநாளும் வரல.

நாலாவது நாள் அக்கா கூப்ட்டா. அக்கா கூப்ட்டா சாதா மணிதான்.

"ஏண்டா, அந்த ஆளு உன்ன இன்னாடா பண்ணாரு?"

"அக்கா, அது நான் பண்ணல..."

"உங்கிட்ட ஒருத்தங்கிட்டதான்டா அவரு போன்ல பேசுவாரு. எங்கிட்ட கூட மிஸ்டு கால்தான். உனக்குப் பேசி அனுப்பறதுக்கு முன்னாடி மோட்டார் கொட்டாய்க்குள்ள போயி நாலு வாட்டி சொல்லிப் பாத்துட்டுதான் அனுப்புவாரு. புள்ள பொறந்தன்னைக்கு ஒரு நாள்தான் சொல்லிப் பாக்காம அனுப்புனாராம். உங்கிட்டதானேன்னு."

அவ வச்சிட்டா.

கூட்டாளிகிட்ட சொல்லி பாட்ட எடுக்கச் சொன்னேன். எடுத்தான். "சும்மா ஜாலிக்குதான்டா பண்ணேன்"னான். அவன் மேல கோவம் இல்ல. செஞ்சது அவன். தினம் விசில் வர்ற வரைக்கும் அடிக்க உட்டது நான்.

ஞாயித்துக்கெழம பஸ் ஏறி திருவாலங்காட்டுக்குப் போனேன். பாவா கரும்புக்குத் தண்ணி பாய்ச்சிகினு இருந்தாரு. வரப்புல நின்னேன். மடைய வெட்டி, மண்ண அணைச்சுட்டு, நிமிந்தாரு.

"பாவா, அந்தப் பாட்டு..."

"ப... ப..." வார்த்த வரல. நான் காத்துகினு நின்னேன். எப்பவும் நிக்கற மாதிரிதான் நின்னேன். அவருக்கு நான் நிக்கறது புடிக்கல. கையால சைகை காட்டி, "பரவால்லீங்க. வூ... வூட்டுல போயி சாப்புடுங்க"ன்னுட்டு அடுத்த மடைக்குப் போயிட்டாரு.

போன்ல பேசும்போது அவரு சைகை காட்டுனதில்ல. அங்க வார்த்தயாலதான் சொல்வாரு. அது எனக்கு மட்டும் குடுத்தது.

ரெண்டு வருஷம் ஆயிடுச்சு. சண்டை இல்ல. பொங்கலுக்குக் கரும்பு அனுப்புறாரு. போனா "வாங்க மச்சான்"னு பாய் போடுறாரு. பையன் நல்லா பேசுறான். திக்கல. சொல்ல வேண்டியது எதுவானாலும் அக்காதான் கூப்டறா.

போன மாசம் ஷெட்டுல இருக்கும்போது ஜோபியில போன் அதிர்ந்துச்சு. தறிய நிறுத்திட்டு எடுக்கறதுக்குள்ள நின்னுபோச்சு. பாத்தா பாவா நம்பர். வெளிய ஓடினேன். டீக்கடைய தாண்டி, சத்தம் இல்லாத எடத்துக்குப் போயி திருப்பிக் கூப்ட்டேன்.

எடுத்தாரு.

"பாவா?"

மோட்டார் ஓடுற சத்தம் கேட்டுச்சு. மூச்சு கேட்டுச்சு. "க... க..."ன்னாரு. நான் அசையாம நின்னேன்.

"க... கை பட்டுடுச்சுங்க."

வச்சிட்டாரு.

போன்ல நேரம் காட்டுச்சு.

பதினோரு செகண்டு.