உண்ணிக்கு நான் கொடுத்த நற்சான்றிதழ்

என் மனைவியைக் கடித்த உண்ணிக்கு நற்சான்றிதழ் வழங்கியவன் நான். கிராம சேவகர்கூட ஆளை ஒருதடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைப்பார். நான் கைத்தொலைபேசியில் சில படங்களைப் பார்த்துவிட்டு, "இது சாதுவான ஆள், ஒண்டும் செய்யாது" என்று சொல்லி முடித்துவிட்டேன்.

எங்கள் வீடு திருகோணமலைக் கோட்டை வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. காலையில் மான்கள் கோட்டைக்குள்ளிருந்து இறங்கி வரும். முச்சக்கர வண்டிகளுக்கு வழிவிடாமல் நடுவீதியில் நிற்கும். மதில்களில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளைப் பசைக்காக உரித்துத் தின்னும். யாருடைய மூதாதையர் என்ற பேதமெல்லாம் அவற்றுக்குக் கிடையாது. பிறகு எங்கள் கேற்றடிப் புல்லில் வந்து படுக்கும். மனைவி பூசணித் தோலும் வாழைப்பழத் தோலும் கொடுப்பாள். மான்கள் எழும்பிப் போனபின் அதே புல்லில் கதிரையைப் போட்டு, கதிரையில் இருக்காமல் கீழே இருந்து, கதிரையில் சுளகை வைத்து முருங்கை இலை உருவுவாள். அது அவளுடைய முறை. காரணம் கேட்டவர்கள் யாரும் பதில் பெற்றதில்லை.

ஒருநாள் இடது காதுக்குப் பின்னால், மயிர் தொடங்கும் இடத்தில், ஏதோ கடிக்கிறது என்றாள். பார்த்தேன். எள்ளளவு உண்ணி, தலையைத் தோலுக்குள் புதைத்துக்கொண்டு இருந்தது. நகத்தால் கிள்ளி எடுத்தேன். பாதி வந்தது. வந்த பாதியைத் தைலப் போத்தல் ஒன்றுக்குள் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் வாசிக்கிற பழக்கமுள்ளவன்.

உண்ணிகளில் சில நோய்க்கிருமிகளைப் பரப்பும் என்றும், அவற்றை ஓட்டின் நிறத்தையும் புள்ளிகளையும் கொண்டு அடையாளம் காணலாம் என்றும் கைத்தொலைபேசி சொன்னது. படங்களில் இருந்தவை எல்லாம் பனி பெய்கிற நாட்டு உண்ணிகள். அவற்றின் முதுகு கறுப்பு. எங்களுடையது மண்ணிறம். அங்கேயும் மானில்தான் இருக்கும் என்று எழுதியிருந்ததையும் வாசித்தேன். வாசித்துவிட்டு, அது அவர்களுடைய மான் என்று தாண்டிப் போனேன்.

"இஞ்சாருங்கோ, டிஸ்பென்சரியில ஒருக்காக் காட்டுவமா?" என்றாள் மனைவி.

"உண்ணிக்கு டொக்டரிட்டப் போனா ஊர் சிரிக்கும். அது குளிர்நாட்டுச் சாமான். இஞ்ச அந்த வருத்தம் இல்லை."

ஒரு கிழமையளவில் காய்ச்சல் வந்தது. எங்கள் ஒழுங்கையில் அப்போது டெங்கு. ஆகவே இதுவும் டெங்கு என்று, இரத்தம் எடுக்க முன்னமே முடிவு செய்துவிட்டேன். தலையைத் தூக்க ஏலாமல் போனதும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

வார்ட்டில் இருந்த டொக்டர் கிண்ணியாவைச் சேர்ந்த இளம் பெண். முக்காட்டுக்குள்ளே களைப்புத் தெரிகிற முகம். கேள்விகளை ஒழுங்காகத்தான் கேட்டார்.

"வீட்டில ஆடு, மாடு, நாய் ஏதும் வளர்க்கிறீங்களா அங்கிள்?"

"இல்லை."

"காடு, வயல் பக்கம் போனவங்களா?"

"இவ நிலாவெளிக்குக்கூடப் போறேல்லை."

"பூச்சி ஏதும் கடிச்சதா?"

மனைவி கையை மெல்ல உயர்த்தி இடது காதைத் தொட்டாள். "தலையிடி அவவுக்கு" என்று நான் மொழிபெயர்த்தேன்.

முதல் இரண்டு பதில்களும் பொய்யல்ல. மான் வளர்க்கிறோம் என்று இந்த ஊரில் யாரும் சொல்லமாட்டோம். மான் கோட்டைக்குள் கோயில் கொண்டிருக்கும் கோணேசருடையது. சுவாமியின் சொத்தைக் கால்நடைக் கணக்கில் சேர்ப்பது எவருடைய வாயிலும் வராது. தோல் போடுவது புண்ணியம். புண்ணியத்தைப் பற்றி டொக்டர்மார் கேட்பதில்லை. மூன்றாவது பதில்தான் என் சொந்தச் சரக்கு. டெங்குவைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கும்போது உண்ணியை இழுத்தால் என்னைப் படிக்காதவன் என்று அந்தப் பிள்ளை நினைத்துவிடும் என்று பயந்தேன்.

டெங்குச் சோதனையில் ஒன்றும் வரவில்லை. பிறகு வரும் என்றேன் நான். காய்ச்சல் இறங்கவில்லை. மனைவி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "மாஸ்டர், மணி அடிச்சிட்டுதே? வீட்ட போகட்டா?" என்று கேட்டாள். நான் படிப்பித்தவனல்ல. அவள் பள்ளிக்கூடம் விட்டு நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. போகலாம் என்று சொல்லவும் பயமாக இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் அடிக்கேல்லை" என்றேன்.

அடுத்த கட்டிலில் மூதூருக்கு அங்காலே ஒரு கிராமத்துப் பெண் கிடந்தாள். வயல் வேலைக்காரி. அவளுக்கும் இதே மாதிரிக் காய்ச்சல், ஆனால் ஆளைக் கொண்டுவரும்போதே மூச்சு மாறிவிட்டது. தங்கைக்காரி பிஸ்கட் பெட்டி மட்டை ஒன்றால் விசிறிக்கொண்டே இருந்தாள். அன்று மத்தியானம் தாதி வந்து அந்தப் பெண்ணின் கண்களை மூடினாள். தங்கை விசிறுவதை நிறுத்தவில்லை. தாதி மட்டையைக் கையிலிருந்து வாங்கியபிறகும் கை அசைந்துகொண்டிருந்தது.

அந்தக் கட்டிலிலிருந்து டொக்டர் நேரே எங்களிடம் வந்தார். மனைவியின் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். போர்வையைத் தூக்கி உள்ளங்கால்களைப் பார்த்தார். காலையில் இல்லாத செம்புள்ளிகள் இருந்தன. பிறகு தலைமயிரை விரலால் பிரித்துக்கொண்டு போனார். இடது காதுக்குப் பின்னால் விரல் நின்றது. அங்கே ஊதுபத்தியால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு.

"இது என்ன அங்கிள்?"

"அது... அந்த உண்ணியை எடுத்த இடம்."

"எந்த உண்ணிய?"

நான் சொன்னேன். ஓட்டின் நிறம், புள்ளி, பனி நாடு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அது ஏசுவதைவிட மோசம்.

"வீட்டுக்குப் பக்கத்தில மிருகம் ஏதும்?"

"மான் வரும்."

"வரும்" என்று திருப்பிச் சொன்னார். தாதியிடம் மருந்தின் பெயரைச் சொன்னார். "இது உண்ணிக் காய்ச்சல். முதல் நாளே சொல்லியிருந்தா முதல் நாளே தொடங்கியிருப்பம். இனிப் பார்ப்பம்."

'இனிப் பார்ப்பம்' என்ற சொல்லுக்குள் எத்தனை கதவுகள் என்று அன்றைக்கு எண்ணிப் பார்த்தேன். வெளியே மதிலில் யாரோ ஒருவருடைய கண்ணீர் அஞ்சலி. ஒரு மான் அதை மூலையிலிருந்து தின்னத் தொடங்கியிருந்தது. மனைவியின் படத்தை எங்கே ஒட்டுவார்கள், அதை எந்த மான் தின்னும் என்று என் புத்தி போயிற்று. அவள் தோல் போட்ட மான்தான் தின்னும். அதற்குத்தான் எங்கள் மதில் பழக்கம்.

ஆஸ்பத்திரியில் நிற்க முடியாமல், தைலப் போத்தலை எடுத்துக்கொண்டு என்னோடு படித்த மிருக வைத்தியரிடம் போனேன். அவள் ஆஸ்பத்திரியில் கிடக்கையில் கேற்றடிப் புல்லில் தேடிப் பிடித்த இன்னும் சிலதையும் அதற்குள் சேர்த்திருந்தேன். அவன் உருப்பெருக்கும் வில்லையை வைத்துப் பார்த்தான்.

"மச்சான், இது நாய் உண்ணி. இது மானில வாறது. உன்ர மனிசியைக் கடிச்சது குஞ்சு. அதுவும் தலையில்லாமல் கொண்டு வந்திருக்கிறாய், என்ன சாதியெண்டு நான் சொல்ல மாட்டன். இந்தப் பெரிசு இருக்கே..."

"அதுதான் ஆபத்தானது எண்டு நினைக்கிறன்."

"இது பப்பாசி விதை."

நான் விதையை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"நிறத்தைப் பாத்து என்ன செய்யப் போறாய்? பெயர் தெரிஞ்சாலும் எதுக்குள்ள கிருமி இருக்கு எண்டு கண்ணால பாக்க ஏலாது. ஒரே மான்ர ஒரே காதில ரெண்டு இருந்தா ஒண்டில இருக்கும், மற்றதில இராது. ஆய்வுகூடத்தில அரைச்சுத்தான் பாக்கவேணும். கடிச்சது எண்டு டொக்டரிட்டச் சொல்லுறதுதான் உன்ர வேலை. அதைத்தான் நீ செய்யேல்லை."

காய்ச்சல் இறங்கியது. முதலில் அவள் என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவதை விட்டாள். பிறகு கஞ்சி கேட்டாள். வீட்டுக்கு வந்தோம். இடது காது மட்டும் வரவில்லை. இந்தக் காய்ச்சலில் காது கேளாமல் போவதுண்டு, திரும்பலாம், திரும்பாமலும் விடலாம் என்றார் டொக்டர். திரும்பவில்லை. சுவருக்குள் கடல் இரைவதுபோல ஒரு சத்தம் மட்டும் அந்தக் காதுக்குள் இருக்கிறதாம்.

மான்கள் இன்னும் வருகின்றன. மனைவி தோலை வாளியோடு எட்ட நின்று கொட்டுகிறாள். புல்லில் இருப்பதில்லை. பின்னேரங்களில் அவளுடைய தலையை நான் பார்க்கிறேன், என்னுடையதை அவள் பார்க்கிறாள். என்னுடையதில் பார்ப்பதற்கு அதிகம் இல்லை. அப்படி ஒரு பின்னேரம், அந்தப் பொருக்கு இருந்த இடத்தில் மயிர் முளைக்காத தழும்பைக் கண்டேன். அங்கேயே அவளுக்குப் பக்கத்தில் இருந்து மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காதைத் தொட்டதைக் கண்டது, கண்டும் தலையிடி என்றது, படித்தவனாகத் தெரிய ஆசைப்பட்டது, அடுத்த கட்டிலில் விசிறிய கை. மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன். என் வாழ்க்கையில் பகிடி கலக்காமல் கதைத்த ஒரே நேரம் அதுதான்.

அவள் கொஞ்சநேரம் மானையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பினாள்.

"ஏதோ கதைச்ச மாதிரிக் கிடக்கு? அந்தப் பக்கம் கேளாதெண்டு தெரியும்தானே. முக்கியமான கதையெண்டா இஞ்சால வாங்கோ. உங்கட வழமையான கதையெண்டா அங்கேயே இருங்கோ."