நான் அடைக்காத உடைப்பு

செல்லிப்பட்டில் என் கழனிக்கும் பங்காளி கழனிக்கும் நடுவே ஓடும் வரப்பு ஓர் இடத்தில் உடைந்து கிடக்கிறது. அதே வரப்பில் ஒரு சாண் அகலத்துக்காகப் பங்காளியோடு கோர்ட்டு ஏறி ஜெயித்தவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கரும்பு வெட்டி, டிராக்டர் ஓட்டி, பிறகு டிராக்டர்களுக்கு முதலாளியாகி, பெற்ற மகளை விமானம் ஓட்டப் படிக்க வைத்தவன். இந்தக் கொம்யூன் பஞ்சாயத்தில் வேறு யார் செய்தார்கள், சொல்லுங்கள்? அப்படிப்பட்ட நான் அந்த உடைப்பை மட்டும் அடைக்கவில்லை. அதை உடைத்தவர், மகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த கேப்டன்.

மகள் பறக்கக் கற்றுக்கொண்டிருந்த வருஷம், சம்பா அறுப்பு முடிந்த சமயம். ஊருக்கு வெளியே நேராகப் போகும் தார் ரோட்டில் எல்லாரையும் போல நாங்களும் நெல் காயப்போட்டிருந்தோம். என் மனைவியும் சில பெண்களும் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். நான் கழனியில் நின்று, வந்தவன் போனவனிடமெல்லாம், "மேல போறது நம்ம பொண்ணுடா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சின்ன விமானம் இருமியது. இன்ஜின் சத்தத்திலேயே வாழ்ந்தவன் நான். அது நின்றுபோனதை ஊரில் முதலில் கேட்டது என் காதுதான்.

மேலே நடந்ததை மகள் பிறகு சொன்னாள். "நான் பிடிச்சுக்கறேன், கைய எடும்மா" என்றாராம் கேப்டன். வேகம் போய்விடாமல் மூக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு இன்ஜினைக் கிளப்பிப் பார்த்தார், பிடிக்கவில்லை. இறங்க வாகாக இருந்தது ரோடு ஒன்றுதான். அதற்கு நேராக வந்தும் விட்டார்கள். கிட்டே வந்த பிறகுதான் நெல்லும், நெல்மேல் நிற்கும் பெண்களும் தெரிந்தார்களாம். "சார், எங்கம்மா!" என்று கத்தியிருக்கிறாள். அவர் பெட்ரோலை அடைத்தார். இடித்தால் கதவு சிக்கிக்கொள்ளக் கூடாதென்று, "கதவைத் திறந்து வை" என்றார். கழனிப் பக்கம் ஒடித்தார்.

சத்தமே இல்லாமல் அது என் மனைவியின் தலைக்கு மேல் போனதை நான் பார்த்தேன். அறுத்த நெல்தாளில் ஓடி, வரப்பில் இடித்து, கேப்டன் உட்கார்ந்திருந்த பக்கமாகச் சாய்ந்தது. மகளுக்கு நெற்றியில் காயம். அவருக்கு இடுப்பு நொறுங்கிவிட்டது. அதுவரை முகம் பார்த்துப் பேசாத நானும் பங்காளியும்தான் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவரை வெளியே எடுத்தோம். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் முதலில் சொன்னது: "ஐயா, உங்க வரப்ப உடைச்சிட்டேன்."

அதோடு அவர் பறப்பது நின்றுபோனது. மகள் இன்று பெரிய விமானம் ஓட்டுகிறாள். போன மாதம் அவர் இறந்த சேதியை அவள்தான் போனில் சொன்னாள்.

நேற்று தண்ணீர் பாய்ச்சினேன். உடைப்பு வழியாகப் பாதி அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"இன்னாபா, வரப்புல வாசல் வச்சிருக்க, ஏரோப்ளேன் மறுபடியும் வருமா?" என்றான் பங்காளி. பிறகு குரலைத் தாழ்த்தி, "உன் தண்ணி பூரா இங்க வருது. அடைச்சிடட்டுமா?"

மண்வெட்டி என் கையில்தான் இருந்தது.

"வுடுபா, போவட்டும்" என்றேன்.