குடிக்காதவரின் தள்ளாட்டம்

எரிகிற சூடம் பெரியப்பாவின் உள்ளங்கையிலிருந்து தெறித்துத் தரையில் விழுந்தபோது, கை சுட்டுவிட்டதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எங்கள் ஜனத்தில் சூடம் அணைத்துச் செய்யும் சத்தியத்துக்கு மேல் போலீஸும் இல்லை, கோர்ட்டும் இல்லை. வெற்றிலையில் சூடத்தைக் கொளுத்தி இடது கையில் ஏந்தி, வலது கையால் அடித்து அணைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். பொய்யென்றால் குலதெய்வம் பார்த்துக்கொள்ளும். "நான் குடிக்கல" என்று சொல்வதற்காக அன்று பெரியப்பா தானாகவே சூடம் கேட்டு வாங்கினார். வலது கை இறங்குவதற்குள் இடது கை வெடுக்கென்று உதறியது. சூடம் போய்விட்டது. அவருடைய தம்பியான என் அப்பா, "பாத்தியாண்ணே, கருப்பனே தட்டி விட்டுட்டான்" என்றார். பெரியம்மா சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தார். பெரியப்பா தன் கையை, அது வேறு யாருடைய கையோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஸ்ரீரங்கத்தில் ஆட்டோ ஓட்டினார். நான் சின்னப் பையனாக இருந்தபோது நன்றாகக் குடித்தவர்தான். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. லால்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் கருப்பண்ணசாமி கோயிலில் ஒருநாள் சூடம் அணைத்துக் குடியை விட்டார். விட்டது விட்டதுதான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் ஏறியவன் நான். அந்த முதல் நாள் ஆட்டோவுக்குச் சந்தனப்பொட்டு வைத்து என்னை அழைத்துப்போய் இறக்கிவிட்டவர் அவர். பிறகு சர்க்கரை வந்தது, சர்க்கரை இரண்டு சிறுநீரகங்களையும் தின்றது, தில்லை நகரில் ஒரு மருத்துவமனையில் வாரம் இருமுறை டயாலிசிஸ் என்றானது. ஊசி குத்துவதற்காகக் கையில் ஆபரேஷன் செய்திருந்த இடம் கயிறு சுற்றியதுபோலப் புடைத்திருக்கும். சவாரிக்கு வருகிறவர்கள் பயப்படுவார்கள் என்று வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் வண்டி எடுத்தார். "உக்காந்தா நோயாளி, ஓட்டுனா டிரைவர்" என்பார்.

கால் எரிச்சல் அவரைப் படுத்தியது. பாதத்தில் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல் இருக்கிறது என்பார். பக்கத்து வீட்டில் யாரோ சொன்னார்கள் என்று பெரியம்மா அவரை ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனார். டயாலிசிஸ் ஃபைலையும் எடுத்துத்தான் போனார்கள். ஆனால் வெளியே எடுக்கவில்லை. இது எங்களைப் போன்றவர்களின் பழக்கம். ஒரு டாக்டரிடம் இன்னொரு டாக்டரின் சீட்டைக் காட்டினால், "அப்ப அங்கயே போக வேண்டியதுதானே" என்று விழும் திட்டை நாங்கள் எல்லோரும் ஒரு முறையாவது வாங்கியிருக்கிறோம். அதனால் புது டாக்டர் முன்னால் புது நோயாளியாகவே உட்காருவோம். அந்த டாக்டர் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை, முழுக்கைச் சட்டையைச் சுருட்டச் சொல்லவும் இல்லை. காலை, இரவு என்று ஒரு கேப்சூல் எழுதினார்.

எரிச்சல் குறைந்தது. சில நாட்களில் பெரியப்பாவின் பேச்சு குழறத் தொடங்கியது. நடை ஒரு பக்கமாய் இழுத்தது. சோற்றைப் பிசைந்தபடியே தூங்கினார். அவருடைய வாயில் ஒரு நெடி எப்போதும் உண்டு. கழிவு வெளியேறாத உடம்பின் நெடி அது. அதுவரை சகித்துக்கொண்டிருந்த அந்த நெடிக்கு வீட்டில் இப்போது வேறு பெயர் வந்தது. ஆட்டோ ஸ்டாண்டில் கேலி தொடங்கியது. "டாக்டரு தண்ணி கம்மியா குடிக்கச் சொன்னாராம், அண்ணன் கலக்காமலே அடிக்கிறாரு" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அம்மா மண்டபம் போகிற சாலையில் வண்டியை ஒரு கடை வாசலில் ஏற்றி நிறுத்தியதும், இருப்பதிலேயே மூத்த டிரைவர் சாவியைப் பிடுங்கி வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். "பொம்பளப் புள்ளைங்க ஏறுற வண்டி அண்ணி. நீங்களே வெச்சுக்கிங்க." சாவி போனதைவிட, அதைப் பெரியம்மா மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டதுதான் அவரைக் கொன்றது. அதன் பிறகுதான் சூடம் கேட்டார்.

மறுநாள் டயாலிசிஸுக்கு நான் கூடப் போனேன். மெஷினிலிருந்து இறங்கியபோது பேச்சு பாதிக்கு மேல் தெளிந்திருந்தது. எனக்குச் சந்தோஷம். அப்பா போனில், "அதான் ரத்தத்தையே கழுவிட்டாங்களே, போதை நிக்குமா?" என்றார். இரண்டு நாளில் மீண்டும் குழறல். அடுத்த முறை இதை அப்படியே சிறுநீரக டாக்டரிடம் சொன்னேன். அவர் பெரியப்பாவின் இரு கைகளையும் நீட்டச் சொல்லிப் பார்த்தார். கைகள் விட்டுவிட்டுத் துள்ளின. "புதுசா என்ன மாத்திரை சாப்பிடுறாரு?" என்றார். பெரியம்மா தயங்கித் தயங்கிப் பையின் அடியிலிருந்து அட்டையை எடுத்தார்.

"இது சிறுநீர்ல வெளிய போற மருந்தும்மா. இவருக்கு எங்க போகும்? உடம்புலயே தேங்கி மூளைய மயக்குது, கைய உதற வைக்குது. கெட்ட மருந்து இல்ல. ஆனா இவருக்கு இந்த அளவுல குடுக்கவே கூடாது. ஃபைலக் காட்டலையா?"

"பைக்குள்ளதான் சார் இருந்துச்சு" என்றார் பெரியம்மா.

மருந்து நின்றது. இன்னும் இரண்டு டயாலிசிஸில் அவர் பழைய மனிதராகிவிட்டார். வீட்டில் எல்லோரும் நல்லவேளை, நல்லவேளை என்றார்கள். யாருக்கு நல்லவேளை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. "ஒருத்தராவது ஸ்டாண்டுல போய் நான் குடிக்கலன்னு சொல்லுங்கடா" என்று பெரியப்பா கேட்டார். அப்பா, "முடிஞ்சத எதுக்குண்ணே கிளறிக்கிட்டு? நாலு பேரு நாலு விதமா கேப்பான்" என்றார். நான் போய்ச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள், டீ வாங்கித் தந்தார்கள். சாவி திரும்பக் கைக்கு வந்த பிறகும் பெரியப்பா அந்த ஸ்டாண்டுக்குப் போகவில்லை. வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருப்பார். பெரியம்மா பரிமாறும்போது பெரியப்பா தன் வாயைத் துண்டால் மூடிக்கொள்வார். ஒரு மழைக்காலத்தில், தூக்கத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார்.

பாடைக்குப் பச்சை மூங்கில் வெட்டிக்கொண்டிருந்த இடத்தில், சாவியைக் கொண்டுவந்து கொடுத்த அந்த மூத்த டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தங்கமான மனுசன். கடைசில அந்தக் குடிய மட்டும் தொடாம இருந்திருந்தா…" என்றார். அப்பா அருகில்தான் நின்றார். மூங்கிலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். நான் சத்தமாகவே சொன்னேன்: மாத்திரையின் பெயர், அது எங்கே தேங்கியது, டாக்டர் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். என் தோளில் கை வைத்தார். "படிச்ச புள்ளல்ல. பெரியப்பாவ விட்டுக்கொடுக்க மனசு வரமாட்டேங்குது" என்றார்.

இப்போது அந்த ஸ்டாண்டுக்கு வருகிற புதுப் பையன்கள் யாராவது குடித்துவிட்டு வண்டி எடுத்தால், பெரியப்பாவைச் சொல்லித்தான் புத்தி சொல்கிறார்களாம்.