அறிமுகம் செய்துவைக்கப் போன இடத்தில்

பயிற்சி வகுப்பின் முதல் அரை மணி நேரத்தில், முன்பின் தெரியாதவர்களைச் சிரிக்கவைத்துப் பழகவிடுவது என் பிழைப்பு. உங்களை எப்போதாவது வட்டமாக நிறுத்தி, ‘நீங்கள் ஒரு பழமாக இருந்தால் என்ன பழம்?’ என்று கேட்டிருந்தால், என்னைப் போன்ற ஒருவனிடம் சிக்கியிருக்கிறீர்கள், மன்னித்துவிடுங்கள்.

அன்று கீரமங்கலத்தில் மல்லிப்பூ பயிரிடும் இருபது பெண்கள். மதியச் சாப்பாட்டுக்குள் அத்தனை பேரும் ஒரே உழவர் குழுவாகச் சேர்ந்து, ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று குறைந்தாலும் என்னை ஆபீசில் ரிஜிஸ்டர் எழுத உட்காரவைப்பதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

ஐஸ்

“இதுக்குப் பேரு ஐஸ் பிரேக்கர். நமக்கு நடுவுல இருக்கிற ஐஸை உடைக்கப்போறோம்” என்று விளக்கினேன். முன்வரிசையில் செல்வி என்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“வந்ததுலேருந்து ‘அக்கா அக்கா’ன்னு நீங்கதானே சார் எங்களுக்கு ஐஸ் வச்சுக்கிட்டு இருக்கீங்க?”

பந்து

தெரியாத ஒருவரிடம் பந்தை வீசி, பெயர் கேட்க வேண்டும். பந்தை வாங்கிய பெண் சுற்றுமுற்றும் பார்த்தார். சின்னம்மா, நாத்தனார், மதினி, சம்பந்தி. கடைசியில் பந்து என் நெஞ்சில் வந்து விழுந்தது. நான் யாரிடம் எறிந்தாலும் அது என்னிடமே திரும்பியது.

“இங்கிட்டு தெரியாத ஆளு நீங்க ஒருத்தர்தான் சார். ஒங்க பேரு என்ன?”

இரண்டு உண்மை, ஒரு பொய்

தன்னைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வேண்டும், அதில் எது பொய் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் செல்வியை எழுப்பினேன். தனக்கு இரண்டு பிள்ளைகள் என்றார். விடியுமுன் பூப்பறிக்கப் போவேன் என்றார். மாமியாரை ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை என்றார். எது பொய் என்று நான் கேட்பதற்குள் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். மாமியாரேதான்.

“இதுக்கு எதுக்கு சார் போட்டி?”

ஜோடி

சீட்டுக் குலுக்கிப் போட்டு ஜோடியாக உட்காரவைத்து, பக்கத்தில் இருப்பவரைச் சபைக்கு அறிமுகப்படுத்தச் சொன்னேன். சகுந்தலாவும் மல்லிகாவும் ஜோடியாக வந்தார்கள். செல்வி ஓடிவந்து என் காதைக் கடித்தார். இருவரும் அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகளாம், பொது மோட்டாரில் தண்ணீர் பாய்ச்சும் முறையில் தகராறாகி, நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்றார் செல்வி. ரிஜிஸ்டர் என் கண்முன்னே வந்து நின்றது.

இளையவர் மல்லிகா சுவரைப் பார்த்தபடி எழுந்தார். “இவங்க பேரு சகுந்தலா. டீக்குச் சீனி போட மாட்டாங்க. போன மாசம் கை ஒடிஞ்சு கெடந்தப்பவும் ஒத்தக் கையால பூப்பறிச்சாங்க. ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா ஓடிப்போயிருப்பேன்.”

சகுந்தலா எழவில்லை, மல்லிகாவைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு முழத் தூரத்தில் இருந்தவருக்கு என் மூலமாகச் சொல்லி அனுப்பினார்: “சார், பேனாவை மொதல்ல அவகிட்ட குடுங்க. அப்படியே நாளைக்குப் பூப்பறிக்க வரச் சொல்லுங்க.”

ஊரையே பேசவைப்பதாகச் சொல்லிச் சம்பளம் வாங்கும் நான், அன்று உருப்படியாகச் செய்த ஒரே வேலை, இரண்டு பேருக்கு நடுவில் வாயைத் திறக்காமல் நின்றதுதான்.