சுவரில் ஒட்டிய மூன்று அம்புகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் நான் பதினாறு தடவை 'சூப்பர்' சொன்னேன்.

மங்கலம் ரோடு பக்கம், எங்கள் ஏரியாவில் சுவர் ஓவியத் திருவிழா. பனியன் கம்பெனிக்காரர்கள் தங்கள் காம்பவுண்டு சுவர்களை விட்டுக்கொடுத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் வரையலாம். பெயிண்ட் இலவசம், மே மாத வெயிலும் இலவசம்.

எனக்கு ஓவியத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அதனாலென்ன? மயிலா... சூப்பர். பூமி உருண்டையா... சூப்பர். மோர் கொடுத்த இடத்தில் ரெண்டு சூப்பர்!

கடைசிச் சுவரில் சேவியர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். இங்கே டி-ஷர்ட்டுக்கு ஸ்கிரீன் பிரிண்ட் போடுகிறார். தலையில் ஈரத் துண்டு. சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு பெண் — ஒரு கையில் டி-ஷர்ட், இன்னொரு கையில் நூல் வெட்டும் ட்ரிம்மர்.

"சூப்பர்" என்றேன்.

மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் பொண்டாட்டி சார் இது. ஸ்டெல்லா. பனியன் கம்பெனி செக்கிங்ல இருக்கா. ஓவர்டைம்னு பொய் சொல்லிட்டு நேத்துலருந்து வரையுதேன். பதினோரு வருசத்துல நான் செஞ்ச எதையும் அவ நல்லாருக்குன்னு சொன்னதில்ல. இதையாவது சொல்லுவாளா பாப்போம். போன் போட்டு வரச் சொல்லிருக்கேன்."

சர்ச் முடிந்து ஸ்டெல்லா நேராக வந்தார். படத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஹேண்ட்பேக்கைத் திறந்து ஒரு ஸ்டிக்கர் ஷீட்டை எடுத்தார். துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால் செக்கிங்கில் ஒட்டுவார்களே, அந்தக் குட்டி சிவப்பு அம்பு! சர்ச்சுக்கு எதற்கு அது என்று நான் கேட்கவில்லை. பயம்தான்.

சுவரின் சொந்தக்காரர் பதறி வந்தார். "ஏனுங்க சார், நம்ம செவுத்துல என்னமோ ஒட்டப் போறாங்களே?" கிட்டே வந்து அம்பைப் பார்த்தவர் அப்படியே பின்வாங்கினார். "அட, செக்கிங்குங்களா? அப்ப நாம வாயத் தொறக்கக் கூடாதுங்க."

முதல் அம்பு, வரைந்த டி-ஷர்ட்டின் மேல். "ஒரு கை நீளமா இருக்கு."

இரண்டாவது, ட்ரிம்மர் மேல். "நான் எந்தக் கையில ட்ரிம்மர் புடிப்பேன்? இடது கையிலதான! பதினோரு வருசமா கூட இருக்கிய, இது தெரியாதா?"

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும்தான்.

மூன்றாவது, கன்னத்தில். "ஷேட் வேரியேஷன். நான் என்ன இவ்வளவு செவப்பா? யாரைப் பாத்து வரைஞ்சிய?"

சேவியரின் முகம் விழுந்துவிட்டது. மெதுவாகக் கேட்டார், "ரிஜெக்ட்டா?"

எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு 'நல்லாருக்கு' சொன்னால்தான் என்னவாம் இந்தம்மாவுக்கு?

"ரிஜெக்ட்னா எதுக்கு அம்பு ஒட்டுதேன்? அப்பவே ஓரமா தூக்கிப் போட்டிருக்க மாட்டேனா? ஆல்டர் பண்ணினா சரியாயிரும். பிரஷ்ஷை எடுங்க" என்றார் ஸ்டெல்லா. அப்புறம் குடையை விரித்து, கணவரின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒன்றரை மணி நேரம்! குடை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகரவில்லை. டி-ஷர்ட்டின் கை குறைந்தது. ட்ரிம்மர் இடது கைக்குப் போனது. கன்னம், ஸ்டெல்லாவின் சொந்தக் கன்னம் ஆனது.

ஸ்டெல்லா அம்புகளை ஒவ்வொன்றாக உரித்தார். கன்னத்து அம்பை உரிக்கும்போது மட்டும் கொஞ்சம் தாமதித்தார்.

"நல்லாருக்கு."

அவ்வளவுதான். சேவியர் பிரஷ் கழுவப் போனார். ஒரே பிரஷ்ஷை மூன்று தடவை கழுவினார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. பதினாறு சூப்பர் சொன்னேனே, அதில் ஒரு படத்தையாவது ஒழுங்காகப் பார்த்தேனா? பார்த்தவர் அல்லவா அம்பு ஒட்டினார்!

"எனக்கும் ஒரு அம்பு ஒட்டி விடுங்கம்மா" என்றேன், சும்மா விளையாட்டுக்கு.

ஸ்டெல்லா என்னைத் தலையிலிருந்து கால் வரை நிதானமாகச் செக் பண்ணினார்.

"சாருக்கு ஒரு ஷீட்டே பத்தாது!"