மோரிப் கடற்கரையில் பம்ப் அடுப்பு

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு மழைக்காலம்கூடப் போகவில்லை, என் கணவருக்கு டைபாய்டு வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர், "இனிமே தண்ணிய கொதிக்க வச்சுக் குடி" என்று சொன்னார். எல்லா நோயாளிகளுக்கும் சொல்கிற வார்த்தைதான். மற்றவர்கள் ஒரு மாதம் கேட்டுவிட்டு மறந்துபோவார்கள். என் கணவரோ ரயில்வேயில் சரக்குக் குமாஸ்தா. மேலிடத்து உத்தரவு ஒன்று வந்துவிட்டால், அடுத்த உத்தரவு வரும்வரை அவரைப் பொறுத்தவரை அது அமலில் இருக்கும். அந்த டாக்டரோ கொஞ்ச நாளில் கப்பலேறித் தன் ஊருக்கே போய்விட்டார்.

வீட்டில் கொதிக்க வைப்பதில் கஷ்டமில்லை. வெளியே போகும்போது என்ன செய்வது? அதற்காக அவர் ஒரு சாமான் செட்டு தயார் செய்தார். சதுரமான ஒரு பிஸ்கட் டின். அதற்குள் கால்களைக் கழற்றி வைக்கிற மண்ணெண்ணெயில் எரியும் சின்ன பித்தளை பம்ப் அடுப்பு. அடுப்பின் மேல் தொப்பி மாதிரி கவிழ்ந்து உட்காரும் அலுமினியச் சட்டி. சட்டிக்கும் அடுப்புக்கும் நடுவிலிருந்த சந்துகளில் ஸ்பிரிட் புட்டி, அடைப்பு எடுக்கும் ஊசி, இரண்டு டம்ளர், ஒரு பொட்டலம் தேயிலை. வெளியே ஒரு தோல் வார். எதை முதலில் வைப்பது, எதைக் கடைசியில் வைப்பது என்று கணக்கு உண்டு. நான் ஒருமுறை துடைத்து அடுக்கியபோது மூடி மூடவில்லை. அன்று மாலை முழுவதும் எனக்குப் பாடம்.

இதோடு திருகுமூடி போட்ட பித்தளைக் கூஜா ஒன்று. போகும் வழிக்குக் கூஜாத் தண்ணீர், திரும்பும் வழிக்கு அடுப்புத் தண்ணீர் என்பது திட்டம். டின் அவர் தோளில், கூஜா என் கையில். ஆபீசில் அவர் யாருக்கும் கூஜா தூக்கியதில்லை என்று பெருமையாகச் சொல்வார். உண்மைதான். குடும்பத்தில் அந்த வேலையை நான் பார்த்துக்கொண்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவாட்டர்ஸ் வரிசை முழுக்க அந்த டின்னுக்குச் 'சீக்குப் பெட்டி' என்று பெயர். ஒரு கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போது இவர் மூலையில் உட்கார்ந்து பம்ப் அடித்தார். அடுப்பு போட்ட இரைச்சலில் நாதஸ்வரக்காரர் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். சமையல்காரர் கரண்டியோடு வந்து நின்றார்.

"என்ன சார், நம்ம ரசத்துல என்ன குறை?"

"ரசம் கொதிச்சிருக்கு, அதுல குறையில்ல. தண்ணிதான் கொதிக்கல."

அதன்பின் அந்த வீட்டார் எங்களை எதற்கும் கூப்பிடவில்லை.

என் அக்கா கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தாள். அத்தான் அங்கே கிராணி, தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுபவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேருமாக மோரிப் கடற்கரைக்குப் போகலாம் என்று அக்கா ஏற்பாடு செய்தாள். கிள்ளானில் பஸ் ஏறியதுமே தகராறு. டின்னிலிருந்து மண்ணெண்ணெய் கசிந்து, முன் சீட்டில் இருந்த சீனக் கிழவரின் கோழிக்கூடைக்குள் வாடை போயிருக்கிறது. கோழிகள் தும்மினவோ என்னவோ, கிழவர் வழி நெடுகத் திட்டினார். என் கணவருக்குச் சீன பாஷை தெரியாது. ஆகையால் மிக மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

கடற்கரையில் வெயில் பிளந்தது. அக்கா புளிச்சோறும் வறுத்த இறாலும் கொண்டு வந்திருந்தாள். இறாலில் காரம் கூடுதல். சாப்பிட்டு முடித்ததும் கூஜாவுக்குக் கை நீட்டினாள். என் கணவர் கூஜாவைத் தானே திறந்து அரை டம்ளர் ஊற்றினார்.

"என்ன தம்பி, கண்ணுக்கு மருந்து ஊத்துற மாதிரி ஊத்துறீங்க?"

"அளவா குடிங்கக்கா. மிச்சம் வேணும். நான் அடுப்பு பத்த வச்சுடுறேன்."

"அதோ கிணறு இருக்கு லா, சகலை" என்றார் அத்தான். தென்னை மரங்களுக்குப் பின்னால் ஒரு மலாய் மீனவரின் வீடு இருந்தது.

"கிணறு இருக்கு. கொதிக்க வச்சாதான் குடிக்கலாம். அதுல என்னென்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அத்தானுக்குத் தெரியவில்லை. படுத்துக்கொண்டார்.

மணலில் அடுப்பு பற்றவில்லை. கடல் காற்று தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக அணைத்தது. இவர் வேட்டியை விரித்து மறைத்துப் பார்த்தார், என்னை நிற்க வைத்து மறைத்துப் பார்த்தார். அக்கா பருமன் என்பதால் அவளையும் கூப்பிட்டார். அவள் பார்த்த பார்வையில் டின்னைத் தூக்கிக்கொண்டு மீனவர் வீட்டுப் பக்கம் நடந்தார். அங்கே வலை காயப்போடும் அத்தாப்புக் கொட்டகை ஒன்று இருந்தது. ஓலைக் கூரை, மூன்று பக்கம் ஓலைத் தட்டி. காற்று இல்லை. ஆளும் இல்லை. அதுவே போதும் என்று உட்கார்ந்துவிட்டார். நாங்களும் கூஜாவோடு பின்னால் போனோம்; அத்தான் அங்கேயும் படுத்துக்கொண்டார்.

இந்த அடுப்புக்கு முதலில் ஸ்பிரிட் ஊற்றி எரித்துக் கழுத்தைச் சூடாக்க வேண்டும். நன்றாகச் சூடேறிய பிறகுதான் பம்ப் அடிக்கலாம். ஸ்பிரிட்டில் பாதி மணலில் போயிருந்தது. இவருக்கும் பொறுமை போயிருந்தது. சூடேறுவதற்குள் பம்ப் அடித்தார். நீலமாக வரவேண்டிய நெருப்பு மஞ்சளாக ஆளுயரத்துக்குச் சீறியது. அவர் மீசையில் இடது பாதியைத் தொட்டுவிட்டுக் கூரையைப் பிடித்தது.

"அப்பி! அப்பி!" என்று கத்திக்கொண்டு மீனவர் ஓடி வந்தார். தீ, தீ என்று மலாயில் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. அத்தான் எழுந்து இரண்டு கையாலும் மணலை அள்ளி அடுப்பின் மேல் வீசினார். அக்கா வலைகளை இழுத்து வெளியே போட்டாள். என் கையில் கூஜா இருந்தது. மூடியைத் திருகினேன்.

"அது காய்ச்சின தண்ணி!" என்றார் என் கணவர், பாதி மீசையோடு.

அவ்வளவையும் கூரையில் வீசினேன். பற்றியிருந்த ஓலை சீறி அடங்கியது. மீதியை மீனவர் கழியால் இடித்துக் கீழே தள்ளி மிதித்தார். கூரையில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. வலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மீனவர் ஓட்டையைப் பார்த்தார், மண்ணில் புதைந்து கிடந்த அடுப்பைப் பார்த்தார், கடைசியாக என் கணவரின் மீசையைப் பார்த்தார். சிரிக்கக் கூடாது என்று அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. முடியவில்லை. உட்கார்ந்து சிரித்தார். அவர் மனைவி வாசலில் நின்று முக்காட்டைக் கடித்துக்கொண்டாள்.

என் கணவர் சிரிக்கவில்லை. "நான் கட்டித் தர்றேன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டார். மீனவர் புது ஓலையை எடுத்துக் கொடுக்க, இவர் உச்சி வெயிலில் உட்கார்ந்து கட்டினார். முதலில் கட்டியது சரிந்து அத்தான் தலையில் விழுந்தது. அவிழ்த்து மறுபடி கட்டினார். இறங்கியபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது, உதடு வெடித்திருந்தது. கூஜா காலி.

மீனவரின் மனைவி கிணற்றிலிருந்து இறைத்து, தேங்காய்ச் சிரட்டையில் நீட்டினாள். எங்களுக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டது. இவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நாங்கள் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வாங்கி, ஒரே மூச்சில் குடித்தார். மறுபடி நீட்டினார். மறுபடியும்.

"என்ன தம்பி, காய்ச்சலையா?" என்றாள் அக்கா.

"இவ்வளவு வெயில் அடிக்குது. அதுவே காய்ச்சியிருக்கும்."

வீட்டுக்கு வந்தபின் அவர் சாவுக்குக் காத்திருந்தார். காலையில் கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்ப்பார். சாயங்காலம் என்னை நெற்றியைத் தொடச் சொல்வார். மீசையை மொத்தமாக மழித்துவிட்டதால் அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்பைவிட நன்றாகச் சாப்பிட்டார்.

படுத்தது நான். கிணற்றுத் தண்ணீரோ அக்காவின் இறாலோ, வயிறு என்னைக் கட்டிலுக்கும் கொல்லைக்குமாக விரட்டியது. அவர் லீவு போட்டார். சமையலறையில் விறகடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே, பம்ப் அடுப்பை மணல் போகக் கழுவித் துடைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பற்ற வைத்தார். அந்த இரைச்சலில் தூங்கவும் முடியாது. கொதித்த தண்ணீரை ஆற்றி, உப்பும் சர்க்கரையும் போட்டு, ஸ்பூனில் ஊட்டினார். என் துணிகளை அவரே துவைத்தார். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. மீசை இல்லாத அந்த முகத்தில் அது தெளிவாகத் தெரிந்தது.

உடம்பு கொஞ்சம் தேறிய அன்று கேட்டேன்.

"என்னங்க, அந்தக் கிணத்துத் தண்ணி எப்படி இருந்துச்சு?"

அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"தேனா இருந்துச்சு. உங்க அக்காகிட்ட சொல்லிடாத."